பழைய வீட்டுக் கூடத்தைக் கடலாக்க எத்தனை புரொஜெக்டர் வேண்டும்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள பூர்வீக வீட்டின் கூடத்தில் நான்கு சுவரிலும் தரையிலும் படம் ஓட வேண்டும். கூடம் 20 அடி நீளம், 14 அடி அகலம், 11 அடி உயரம். வீராம்பட்டினம் கடலும், பக்கத்திலுள்ள பழந்துறைமுகமான அரிக்கமேடும்தான் கரு. டிக்கெட் போட்டுக் காட்டும் எண்ணம். கையில் இருப்பது 6 லட்சம். எத்தனை புரொஜெக்டர், எத்தனை லூமென் (கருவி வீசும் ஒளியின் அளவு) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாரிசில் இருக்கும் உங்கள் அண்ணன், சுவரும் தரையும் முழுக்கப் படம் ஓடும் அத்தெலியே தெ லுமியேர் அரங்கைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதில்தான் இந்த ஆசை பிறந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் நேரான பதில். மூன்று புரொஜெக்டர் போதும். நீளச் சுவர் ஒன்று, அதை ஒட்டிய குட்டைச் சுவர் ஒன்று, இரண்டும் சேர்ந்து ‘ட’ வடிவில் ஒரு மூலை. படம் அங்கே மட்டும் ஓடட்டும். மற்ற இரண்டு சுவர், மேற்கூரை, தரை எல்லாம் இருட்டாகவே இருக்கட்டும். ஆறு லட்சத்தில் பாதிக்கு மேல் புரொஜெக்டருக்குப் போக வேண்டாம். நான்கு சுவர் கேட்டவரிடம் இரண்டு என்று சொன்னால் ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் உங்கள் கூடத்தின் அளவுக்கு இதுதான் நன்றாக வரும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. படத்தில் நாம் கறுப்பு என்று பார்ப்பது, ஒளி அநேகமாக விழாத இடத்தில் தெரியும் சுவர்தான். எதிரெதிரே இரண்டு வெள்ளைச் சுவரில் படம் ஓடினால், ஒன்றின் வெளிச்சம் மற்றதில் போய் விழும். அங்கே இரவாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூசினது போல் ஆகிவிடும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அறையின் பரப்புகள் எல்லாம் சராசரியாக 80 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பினால், நேராக வந்து விழும் ஒரு பங்கு ஒளியோடு சுற்றியடித்து வரும் ஒளி 4 பங்கு சேர்ந்துகொள்ளும். அதே சராசரி 40 சதவீதம் ஆனால், சேரும் ஒளி 0.67 பங்குதான். ஆறு மடங்கு வித்தியாசம். அதிக லூமென் வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது. நேரடி ஒளி கூடக் கூட, சுற்றியடிக்கும் ஒளியும் அதே அளவில் கூடும். பெயிண்ட் டப்பாவும் கறுப்புத் துணியும் செய்கிற வேலையை எந்த விலை புரொஜெக்டரும் செய்யாது.

பாரிஸ் அரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1835-இல் கட்டிய இரும்பு வார்ப்பாலை அது. 2018-இல் அரங்காகத் திறந்தார்கள். சுமார் 3,300 சதுர மீட்டர் பரப்பில் 140 புரொஜெக்டர்கள். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 24 சதுர மீட்டர் வரும். அவர்களுடைய கருவி நாம் வாங்குவதைவிட மிகவும் சக்தி வாய்ந்தது என்பது உண்மை. ஆனால் அங்கே சுவர்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரம் தள்ளி நிற்கின்றன, 10 மீட்டர் உயரம் இருக்கிறது, ஒளி எங்கேயோ போய்க் கரைந்துவிடுகிறது. உங்கள் 14 அடி அகலத்தில் அது கரைய இடமில்லை. இந்தத் துறைக்கு முன்னோடியான ‘கேவ்’ என்ற அறையை 1992-இல் சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியபோதும் நான்கு சுவரை எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று சுவரும் தரையும்தான். நாலாவது பக்கம் திறந்தே இருந்தது. பார்ப்பவர் எந்தப் பக்கம் பார்ப்பார் என்று முடிவு செய்துவிட்டால், முதுகுக்குப் பின்னால் படம் தேவைப்படாது.

இப்போது சுவர். படம் விழும் இரண்டும் இளஞ்சாம்பல், துளியும் பளபளப்பு இல்லாத மேட் பூச்சு. மற்ற இரண்டும் மேற்கூரையும் கரும்சாம்பல் அல்லது கருநீலம். தரை சிவப்பு ஆக்சைடாகவோ பூப்போட்ட சிமென்ட் டைல்ஸாகவோ இருந்தால் அடர் நிறக் கார்ப்பெட் விரியுங்கள். மெருகேறிய தரை படத்தை அப்படியே தலைகீழாகக் காட்டும்.

பழைய வீடு என்பதால் ஒரு எச்சரிக்கை. முத்தியால்பேட்டை கடலுக்குப் பக்கம். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி மெல்ல வெளியே விடும். அடிப்பக்கம் உப்புப் பூத்திருந்தால் இது தெரியும். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, அடுத்த ஐப்பசி மழைக்குள் பெயிண்ட் உரிந்து வரும். இரண்டு வழி உண்டு. ஒன்று, சுண்ணாம்புப் பூச்சிலேயே சாம்பல் நிறமி கலந்து அடிப்பது. அது இயல்பிலேயே மேட். இன்னொன்று, எனக்குப் பிடித்தது: சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி அலுமினியச் சட்டம் நிறுத்தி, ஜிப்சம் போர்டு அடித்து, மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி விடுவது. பழைய சுவர் பத்திரமாக இருக்கும், மேடு பள்ளம் இல்லாத பரப்பும் கிடைக்கும். உங்கள் வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் ஆணி அடிப்பதற்கு முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள்.

ஜன்னல்களை அடைத்தபின் உச்சி வெயில் நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் உட்காருங்கள். எங்கெல்லாம் கீற்று தெரிகிறதோ அங்கெல்லாம் டேப் ஒட்டுங்கள். மரத்தட்டி ஜன்னல்களில் நீங்கள் நினைப்பதைவிட அதிக ஓட்டை இருக்கும்.

சரி, புரொஜெக்டர் கணக்குக்கு வருவோம். லென்சிலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது த்ரோ ரேஷியோ. வகுப்பறையில் தொங்கும் சாதாரணக் கருவிக்கு இது 1.5 வாக்கில் இருக்கும்; 20 அடி அகலப் படத்துக்கு 30 அடி தள்ளி வைக்க வேண்டும். உங்களிடம் 14 அடிதான். அப்படியே எதிர்ச் சுவரில் மாட்டினாலும் நடுவில் நிற்பவர்களின் நிழல் படம் முழுக்க விழும். ஆகவே 0.5 வாக்கில் உள்ள ஷார்ட் த்ரோ வகைதான் வழி.

நீளச் சுவருக்கு இரண்டு கருவி. இரண்டு படமும் நடுவில் 15 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்று வைத்தால், ஒவ்வொன்றின் அகலமும் 10.8 அடி, உயரம் சுமார் 6 அடி. வைக்க வேண்டிய தூரம் 5.4 அடி. குட்டைச் சுவருக்கு ஒரே கருவி, 7 அடி தூரத்தில், 14 அடி அகலம். உயரம் கூடுதலாக வருவதை மென்பொருளில் மறைத்து 6 அடிக்குக் கொண்டுவந்துவிடலாம். லென்ஸ் 9 அடி உயரத்தில் தொங்கட்டும். ஷார்ட் த்ரோ கருவிகளில் படம் லென்சுக்குச் சற்றுக் கீழே தொடங்கும் என்பதால், படம் எட்டரை அடியிலிருந்து இரண்டரை அடி வரை விழும். அந்த ஒளிக்கோட்டை வரைந்து பார்த்தால், ஐந்தரை அடி உயர ஆள் நீளச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி நின்றாலே நிழல் விழாது. குட்டைச் சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி நிற்க வேண்டும்.

இங்கே ஒரு யோசனை. கரு கடல்தானே? நீளச் சுவருக்கு இரண்டரை அடி முன்னால், குட்டைச் சுவருக்கு மூன்றரை அடி முன்னால், இரண்டரை அடி உயரத்தில் கறுப்புப் பூசிய மரத் தடுப்பு ஒன்று வைத்துவிடுங்கள், படகின் விளிம்பு போல. ஆட்கள் நிழல் விழும் இடத்துக்குள் போக மாட்டார்கள். படம் தரை வரை வராததும் உறுத்தாது. படகிலிருந்து எட்டிப் பார்க்கிற நினைப்பு தானாக வந்துவிடும்.

வெளிச்சம் எவ்வளவு? சினிமா தியேட்டர் திரையின் அளவுகோல் 48 நிட் (திரையிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அளவு). வெள்ளை மேட் சுவரில் அது வர சுமார் 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) விழ வேண்டும்; இளஞ்சாம்பலில் அதைவிடக் கூடுதலாக வேண்டும். நீளச் சுவரில் ஒரு படத்தின் பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர். 3,500 லூமென் கருவியை நிறம் சரியாக வரும் மோடில் ஓட்டினால் பாதிதான் கிடைக்கும் என்று வைத்தாலும் 280 லக்ஸ் வரும். குட்டைச் சுவரில் பரப்பு 10 சதுர மீட்டர் என்பதால் 170 வாக்கில் நிற்கும். நீளச் சுவரின் வெளிச்சத்தைக் குறைத்து அதற்குச் சமமாக்க வேண்டும். குட்டைச் சுவர் தியேட்டரைவிடச் சற்று மங்கலாக இருந்தாலும், இருட்டான கூடத்துக்கு 3,500 லூமெனே போதும். 8,000 லூமென் வாங்கச் சொல்கிற விற்பனையாளர் வெளிச்சம் உள்ள மண்டபத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்.

வாங்கும்போது மூன்றும் ஒரே மாடலாக, கூடுமானால் ஒரே சமயத்தில் வாங்குங்கள். லேசர் விளக்கு உள்ளது நல்லது. பொதுவாக 20,000 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறார்கள், பழைய விளக்குகளுக்கு அதில் நாலில் ஒரு பங்குகூடக் கஷ்டம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற இரண்டு பழைய கருவிகளை இதில் கலக்காதீர்கள். விளக்கு வயதாக வயதாக நிறம் மாறும். பக்கத்தில் புதியது இருந்தால் ஒட்டுப்போட்டது போல் தெரியும். நம் கடற்காற்றுக்கும் தூசுக்கும், ஒளி செல்லும் பாகம் மூடப்பட்ட டிஎல்பி வகை தாங்கும். மூன்று எல்சிடி வகை நிறத்தில் நிறைவாக இருக்கும், ஆனால் காற்று வடிகட்டியை விடாமல் சுத்தம் செய்ய வேண்டும். ஏசி காற்று நேராகக் கருவியில் அடிக்கும்படி வைக்காதீர்கள்.

மாட்டுவதில் பழைய வீட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட) கூரையின் தேக்கு உத்திரத்தில் மின்விசிறியும் புரொஜெக்டரும் சேர்ந்து தொங்கினால், விசிறி சுற்றச் சுற்ற படம் நடுங்கும். இரண்டு படம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டமும் கண்ணுக்குத் தெரியும். மாடியில் யாராவது நடந்தாலும் இதே கதைதான். தரையில் ஊன்றிய இரும்புக் குழாய்ச் சட்டத்தில் மாட்டுங்கள், கூரையைத் தொட வேண்டாம். வீட்டுக்கும் நல்லது.

படத்தைப் பொருத்துவதற்கு முன் கருவிகளை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறும்போது லென்சின் ஃபோகஸும் படத்தின் இடமும் சற்று நகரும். குளிர்ந்த கருவியில் பொருத்தியது பிறகு விலகும். கோணலாக விழும் படத்தைத் தானே நேராக்கும் தானியங்கி கீஸ்டோனை அணைத்துவிட்டு, கருவியையே நகர்த்தி முடிந்தவரை நேராக்குங்கள். கீஸ்டோன் போட்டால் பிக்சல் வீணாகும். அப்புறம்தான் மென்பொருள்: முதலில் நான்கு மூலை, பிறகு தேவையான இடத்தில் மட்டும் சில புள்ளிகளை இழுப்பது. புள்ளிகளைக் கண்டபடி கூட்டினால் அலை அலையாக வளையும்.

இரண்டு படம் கலக்கும் எட்ஜ் பிளெண்டிங்கை வெள்ளைத் திரையில் வைத்துச் சரிபார்ப்பதைவிட நடுத்தரச் சாம்பலில் பாருங்கள். தவறு அங்கேதான் தெரியும். இருட்டுக் காட்சியில் நடுவில் ஒரு வெளிறிய பட்டை கட்டாயம் வரும், ஏனென்றால் கறுப்பைக் காட்டும்போதும் கருவியிலிருந்து கொஞ்சம் ஒளி கசியும், அந்த இடத்தில் இரண்டு கருவியின் ‘கறுப்பும்’ சேர்ந்து விழுகிறது. மென்பொருளில் மற்ற இடங்களின் கறுப்பைக் கொஞ்சம் உயர்த்தலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது, அந்தப் பட்டையில் எப்போதும் ஏதாவது மெல்லிய அசைவு இருக்கும்படி காட்சியை அமைப்பது: அலை நுரை, படகு விளக்கின் பிரதிபலிப்பு. முக்கியமாக, வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கருவியும் தன் இஷ்டத்துக்கு மங்கும்.

கணினி ஒன்றே போதும். பெரும்பாலான நல்ல கிராபிக்ஸ் கார்டில் நான்கு திரை வரை இணைக்கலாம். மூன்று புரொஜெக்டர், ஒரு மானிட்டர். படத்தைச் சுவரில் பொருத்தி ஓட்டும் மென்பொருள்களில், ரெசொலூம் என்றால் அரீனா பதிப்பு வேண்டும், அவென்யூவில் இந்தப் பொருத்தும் வசதிகள் இல்லை. மேட்மேப்பரும் நல்ல தேர்வு. டச்டிசைனரின் இலவசப் பதிப்பு 1280 × 1280 பிக்சலுக்கு மேல் தராது, தொழிலுக்கும் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் டிக்கெட் போடப்போவதால் அது உதவாது. வீடியோவைக் கணினி எளிதாக ஓட்டக்கூடிய ஹாப் அல்லது டிஎக்ஸ்வி கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) மாற்றி வேகமான எஸ்எஸ்டியில் வையுங்கள். கோப்பு பெரிதாகும், ஆனால் மூன்று திரையும் தடங்கலில்லாமல் ஓடும். நீளமான கேபிளுக்குச் சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ நம்பகமில்லை, ஃபைபர் வகையை எடுங்கள்.

இனி படம். பணத்தையும் நேரத்தையும் இங்கே கொட்டுங்கள்.

இரண்டு சுவரையும் விரித்தால் 34 அடி நீளம், 6 அடி உயரம். ஏறத்தாழ 6,000 பிக்சல் நீளமுள்ள ஒரே பட்டை. 360 டிகிரி கேமராவை வாங்கி வீராம்பட்டினத்தில் வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 5.7கே கேமராவில் ஒரு டிகிரிக்கு 16 பிக்சல். உங்கள் நீளச் சுவர், ஏழடி தள்ளி நிற்பவருக்குச் சுமார் 110 டிகிரி. ஆக, கிடைப்பது 1,760 பிக்சல். சுவர் கேட்பது அதைப்போல் இரு மடங்கு. மங்கலாகத்தான் இருக்கும். நல்ல கேமரா இரண்டு அல்லது மூன்றை ஒரே முக்காலியில் பக்கம் பக்கமாக வைத்து எடுத்து ஒட்டுங்கள். முக்காலி அசையவே கூடாது. அடிவானம் கோணினாலோ கேமரா வேகமாகத் திரும்பினாலோ, சுற்றிலும் படம் உள்ள அறையில் நிற்பவருக்குத் தலை சுற்றும். அடிவானக் கோட்டைத் தரையிலிருந்து ஐந்தடியில், கண் மட்டத்தில் வையுங்கள். மூலையில் திரும்பும்போது அது உடையாமல் ஓட வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் சுவர் மறைந்துவிடும்.

நம் ஊரில் பல கேமராக்கள் நொடிக்கு 25 ஃபிரேமில் பதிவு செய்யும்படி அமைந்திருக்கும். புரொஜெக்டர் 60 ஹெர்ட்சில் ஓடினால் அலை தத்தித் தத்தி வரும். எல்லாவற்றையும் 30 அல்லது 60-இல் எடுங்கள். இல்லையென்றால் புரொஜெக்டரை 50-க்கு மாற்றுங்கள்.

அரிக்கமேட்டுக்கு வேறு அணுகுமுறை வேண்டும். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானிய ஆம்போரா ஜாடித் துண்டுகளும் இத்தாலியின் அரெட்டைன் மண்பாண்ட ஓடுகளும் கிடைத்த இடம் அது. கண்ணாடி மணிகள் செய்த ஊர். இன்று அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் போய் நின்றால் மரங்களும் செங்கல் சுவர்களின் மிச்சமும்தான். அதைப் பழைய நகரமாக முப்பரிமாணத்தில் கட்டிக் காட்டும் ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். சுவரில் விழும் முப்பரிமாணக் கட்டடம் ஒரே ஒரு இடத்தில் நிற்பவருக்குத்தான் நேராகத் தெரியும். இரண்டடி நகர்ந்தால் தூண்கள் சாயும். அதுவும் போக, தெரியாததை எல்லாம் நம் கற்பனையால் நிரப்பி வரலாறு என்று காட்டுவது சரியில்லை. ஒரு மணியை எடுத்து, அனுமதியோடு மிக அருகில் படம் பிடித்து, அதன் துளையும் கீறலும் ஆறடி உயரத்தில் தெரியும்படி மெதுவாக உருட்டுங்கள். இப்படிப்பட்ட காட்சிக்கு எங்கே நின்றாலும் கோணப் பிரச்சினை இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு கை தொட்ட பொருள் அறையை நிறைத்து நிற்கும்போது வருகிற உணர்வை எந்தக் கணினி நகரமும் தராது.

எழுத்து போட்டால் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் போடுங்கள். ஒரு பிக்சலே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால் சிறிய தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

திண்ணை வெயிலிலிருந்து நேராகக் கூடத்துக்குள் ஆளை விடாதீர்கள். இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடம் வேண்டும். தாழ்வாரத்தில் மங்கலான விளக்கோடு இரண்டு மூன்று நிமிடம் உட்காரவைத்து, எதைப் பார்க்கப்போகிறார்கள் என்று நீங்களே பேசுங்கள். வடலூர் ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரை விலகும் வரை காத்திருந்தவர்களுக்குத் தெரியும், ஒளிக்கு முன்னால் வரும் காத்திருப்புக்கு எவ்வளவு வலு என்று.

ஒலிக்கு நான்கு சிறிய ஸ்பீக்கர், நான்கு மூலையில். படம் இல்லாத சுவர்களில் கனமான துணி தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும், ஒளியும் அடங்கும். தீப்பிடிக்காத வகைத் துணியாக இருக்கட்டும். பக்கத்து வீடும் உங்கள் வீடும் ஒரே சுவர் என்றால் சப்வூஃபரைத் தவிருங்கள்.

மின்சாரம் போய் வந்தால் கணினி தானாக எழுந்து காட்சி தொடங்கும்படி அமைத்துவிடுங்கள். கணினிக்கு யுபிஎஸ் கட்டாயம். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று உங்களுக்கே தெரியும். எந்தக் கருவியும் தரையிலிருந்து மூன்றடிக்குக் கீழே இருக்க வேண்டாம்.

சுவரைத் தொட்டால் மணிகள் சிதற வேண்டும் என்ற உங்கள் ஆசையை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். அதற்குச் சுவரை ஒட்டி, லேசரால் தூரம் அளக்கும் லைடார் சென்சார் ஒன்று வைப்பதுதான் இப்போது நிலையான வழி. தூரம் அளக்கும் கேமராவான அஷூர் கினெக்டின் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2023-இலேயே நிறுத்திவிட்டது. பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள்.

கடைசியாக, ஒரு காட்சிக்கு எத்தனை பேர் என்று கேட்டிருந்தீர்கள். மரத் தடுப்புக்குப் பின்னால் மிஞ்சுவது சுமார் 190 சதுர அடி. பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒருவர் தலை மற்றவருக்கு மறைக்கும், ஏசியும் திணறும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும், அதன் மேல் பேட்டரியில் எரியும் சின்னப் பச்சை விளக்கு ஒன்று இருக்கட்டும், காட்சி நேரத்தில் கதவை யாரும் பூட்டக் கூடாது.